ஐஸ் கட்டிய ஊசி மருந்து

நற்பிட்டிமுனை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். கட்டாரில் உங்களையும் அல்லாஹ் அப்படியே வைத்திருக்கட்டும். தினமும் போனில் கதைக்கிறோமே, இதென்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். போன் எடுத்தால் என் உம்மா பக்கத்தை விட்டு எழும்புவதில்லை. சங்கதி அவரைப் பற்றியது. அதனால்தான் உங்களிடம் வரும் ஸஜாத் காக்காவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புதிய தாரா வாத்துக் குஞ்சுகளுக்கு மூன்று கிழமை ஆகிவிட்டது. போன முறை வாங்கியவை கண்ணில் நீர் வடிந்து, கழுத்து முறுகி, ஒரே கிழமையில் செத்து முடிந்தன. அவை தப்பியிருந்தால் முட்டை வருமானத்தை நம்பி நீங்கள் இப்போது வீட்டில் இருப்பீர்கள். இந்த முறையும் குஞ்சுகள் செத்துப் போனால் கட்டார் வேலைக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் பயத்தில்தான் அதே நோய்க்கு ஊசி போட ஓடித் திரிந்தேன்.

மிருக வைத்தியர் யதுசா மருந்துப் போத்தலைத் தந்து, குளிரில் வையுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள் என்றார். அதை உம்மாவிடம் சொல்லாதது என் பிழை. நான் தவிடு வாங்கப் போன நேரம், அவர் அக்கறைப்பட்டுப் போத்தலை பிரிட்ஜின் ஐஸ் தட்டில் குர்பான் இறைச்சிக்கு நடுவே புதைத்துவிட்டார். கேட்டதற்கு, "ஹஜ்ஜுக்கு அறுத்த இறைச்சியே இன்னும் பழுதாகல்ல, மருந்து பழுதாகுமா புள்ள?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மருந்து கல்லாகியிருந்தது. இளக்கிப் போட்டாலும் பலனில்லை, புதுப் போத்தல் வர நாலு நாளாகும் என்றார் யதுசா. அதற்குள் ஏழு குஞ்சுகள் போய்விட்டன. உம்மா சோறு தின்னவில்லை. "என்னாலதானே மருமகன் அங்கயே கிடக்கப் போறார்" என்று அழுதார். பெற்ற மகள் எனக்காக அவர் இப்படி அழுததில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

செவ்வாயன்று ஊசி போட்டாயிற்று. உம்மாதான் ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லி முடியும்வரை யதுசா ஊசியோடு பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டு கிழமையில் அடுத்த ஊசி. ஆனால் நேற்றும் ஒன்று கழுத்தை முறுக்கியது. மிச்சம் தப்புமா என்று சொல்லத் தெரியவில்லை.

மச்சான், உங்கள் வரவைக் கொண்டுபோய்க் குஞ்சுகளின் காலில் கட்டியது நாம் இருவரும்தான். என் பக்கத்து முடிச்சை நான் அவிழ்த்துவிட்டேன். அவை தப்பினால் அல்ஹம்துலில்லாஹ். தப்பாவிட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வேறு வழி பார்ப்போம். எனக்கு இனித் தனியே இருக்க ஏலாது. அந்தக் கடதாசியில் கையெழுத்து வைக்காமல் வந்துவிடுங்கள். உம்மா செய்தது தெரிந்ததாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்களைச் சுகமாக என் கண்முன் கொண்டுவந்து சேர்க்கும்படி ஐந்து வேளையும் துஆ கேட்கும்,
உங்கள் முஸ்பிறா