செய்தி வந்த நேரம்

திருவல்லிக்கேணி,
20-1-97

அன்புள்ள ஸஹானா அக்காவுக்கு,

மாலை 5.40. போன ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. நேரம் என்ன என்று கேட்டிருந்தீர்கள், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். தரமணியில் எங்கள் லேபுக்கு வெளியே வராந்தாவில் இருக்கிற போனில்தான் செய்தி வந்தது. பேசினது நம் அடுத்த வீட்டு ரத்னா மாமி. "சங்கர், உடனே நர்ஸிங் ஹோமுக்குப் போடா. நீரஜா போயிட்டாடா" என்றாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

வாத்தியாரிடமும் அந்த நேரத்தைத்தான் சொன்னேன். மறுநாள் ஆவணி அவிட்டம், அவர் அவசரத்தில் இருந்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "அவிட்டம் பொறந்துடுத்தே. ஆகாத நட்சத்திரம். ஆத்துக்குக் கொண்டு வந்துட்டேள், இனிமே ஆறு மாசம் பூட்டித்தான் வைக்கணும்" என்றார். அந்தக் கணக்குப்படி பிப்ரவரி 27 தாண்டித் திறக்கலாம். அங்கே மஸ்கட் கோயிலில் நாள் பார்த்து எழுதுங்கள். எந்த நாளானாலும் எனக்குச் சரி.

விற்றுவிடலாம் என்று நீங்கள் எழுதியதற்கும் சரி. உங்கள் அப்பா அம்மா பெண்கள் இரண்டு பேருக்கும் விட்டுப்போன வீடு. நீரஜாவின் பாதி எனக்கு வந்ததே எனக்கு இன்னும் புரியவில்லை. விற்கிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்றும் தெரியவில்லை. எழுதினால் அதன்படி செய்கிறேன்.

இந்த மேன்ஷனுக்கு வந்து ஐந்து மாதமாகிறது. ஏழரைக்கு மெஸ், எட்டேகாலுக்கு பஸ். சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் தேசப்பன் ஒரு நோட்டைக் கொடுத்தார். 'மணமானவரா' என்ற இடத்தை விட்டுவிட்டு மற்றதை நிரப்பினேன். "இன்னா சார், ஆமாவா இல்லியா? ஏதுனா ஒண்ணு போடு" என்றார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். அது இன்னும் அப்படியே காலியாக இருக்கிறது.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

சங்கரன்

*

மஸ்கட்,
2-2-97

அன்புள்ள சங்கரனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தரம் படித்தேன். இளைத்துப் போயிருப்பீர்கள் என்று தெரிகிறது. மெஸ் சாப்பாட்டில் ராத்திரிக்கு மோராவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை காலை திறக்கலாம் என்று குருக்கள் சொன்னார். புண்ணியாஹவாசனம் பண்ணிவிட்டு உள்ளே போங்கள்.

நங்கநல்லூரில் என் மாமனார் வீட்டை நான்தான் நின்று விற்றேன், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள், எல்லா ஜன்னலையும் திறந்து போடுங்கள். ஆறு மாதக் காற்று வெளியே போகட்டும். அப்புறம் குழாய்கள். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள், சொட்டுகிற குழாய் ஒன்று இருந்தால் மொத்த வீடும் ஓட்டை என்று நினைப்பார்கள். கரையானுக்கு மருந்து அடித்த பிறகுதான் வெள்ளை அடிக்க வேண்டும், மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. அப்பா பேரில் இருக்கிற மூலப் பத்திரம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று, வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் வரச் சொல்லுங்கள். அப்போதுதான் ஹாலில் வெயில் விழும். மத்தியானம் காட்டினால் நம் வீடு குகை மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீரஜா படத்தை மாலை போட்டு ஹாலில் மாட்டாதீர்கள். பார்த்த உடனே விலையைக் குறைப்பார்கள்.

செப்டம்பரில் பத்தாம் நாளுக்கு வந்தேனே, கேட்டுக்கு வெளியே நின்று உங்களிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு ராத்திரி சங்கர். மாடி ரூம்ல அவளும் நானும் படுத்துண்ட எடத்துல படுத்துண்டுட்டுப் போயிடறேன்" என்றேன். நீங்கள் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே "வேண்டாம் அக்கா" என்றீர்கள். எட்டு நாள் அடையாறில் சித்தி வீட்டுச் சோபாவில் படுத்துவிட்டு விமானம் ஏறினேன். உங்கள் மேல் கோபமில்லை. சாஸ்திரம் அப்படி இருக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? சாஸ்திரம் இல்லாமல் வேறு யாராவது தடுத்திருந்தால் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன். அப்படித்தான் மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிகளுடன்,
ஸஹானா

*

மயிலாப்பூர்,
6-3-97

அன்புள்ள அக்கா,

28-ந் தேதி திறந்தேன். மேன்ஷனைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். கீழே ஹாலில் படுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி முதல் நாள் ஜன்னல்கள் மட்டும். பதினான்கில் பதிமூன்று திறந்தது. மாடி அறையின் கிழக்கு ஜன்னல் உப்பிப்போய் அசையவில்லை, விட்டுவிட்டேன். குழாய் ஆறு, வாஷர் மாற்றியது நான்கு. பின்கட்டுச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு ஓதம். கரையான் சமையலறைக் கதவு நிலையில் மட்டும். டெலிபோன் பாக்கியைக் கட்டி லைன் வாங்கிவிட்டேன். அவள் கடைசியாக ஊறவைத்த உளுந்து பாத்திரத்தோடு இருந்தது. பாத்திரத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

புரோக்கர் பேர் அக்பர் பாஷா. லஸ் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தவர். சுவரை விரலால் தட்டித் தட்டி வீடு முழுக்கச் சுற்றினார். "சார், வீடு ஷோக்கா கீது. ஆனா இந்த ஓதத்து மேல பெயிண்ட அடிச்சி மறைக்காதே. வாங்குறவன் மோந்தே கண்டுபுடிச்சிடுவான். கொத்தி எடுத்துட்டு பூசு" என்றார். கொத்தனாரை வைத்து அப்படியே செய்தேன்.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு தி.நகரில் எவர்சில்வர் கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரம் என்பவரும் அவர் மனைவி சரோஜாதேவியும் வந்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே அந்த அம்மாள் முதலில் குழாயைத்தான் திறந்தார். ஹாலில் வெயில் இருந்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தது. மாடிப்படியில் ஏறிக்கொண்டே, "வீட்டுக்காரம்மா எங்க, வேலைக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார்.

"தவறிட்டாங்க" என்றேன்.

"அய்யோ பாவம். எப்ப? என்ன நட்சத்திரம்?"

"அவிட்டம்."

மேலே வைத்த காலை எடுத்துவிட்டார். "ஏங்க, கடைக்கு நேரமாகல? வாங்க போலாம்" என்று கணவரைக் கூப்பிட்டார். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அக்பர் பாஷா என்னைப் பிடித்துக்கொண்டார். "உன்ன யாரு சார் ஸ்டாரு கீரு எல்லாம் சொல்லச் சொன்னது? தெரியாதும்மான்னு சொன்னா வாய் வலிக்குமா? எனக்கு எம் பொண்டாட்டி ஸ்டாரே தெரியாது, முப்பது வருசமா குடும்பம் நடத்திக்கினுதான் இருக்கேன்."

கேட்டார்கள், சொன்னேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

சங்கரன்

*

மஸ்கட்,
16-3-97

அன்புள்ள சங்கரனுக்கு,

நீங்கள் இருக்கிறீர்களே! நீரஜா அடிக்கடி சொல்லுவாள், "என் ஆத்துக்காரர்ட்ட மணி கேட்டா செகண்டோட சொல்லுவார்"னு. வீடு விற்கிற இடத்தில் அவ்வளவு தேவையில்லை. யாராவது நட்சத்திரம் கேட்டால், "கிணத்துத் தண்ணி பாத்தேளா, குடிச்சுப் பாருங்கோ" என்று கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

அடுத்த வேலை வாரிசுச் சான்றிதழ். தாலுகா ஆபீசில் ஒவ்வொரு காகிதமாகக் கேட்டு அலைய விடுவார்கள். நர்ஸிங் ஹோமில் கொடுத்ததெல்லாம் ஒரு ஃபைலில் இருக்குமே, அதைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். என் பங்குக்கு எம்பஸியில் கையெழுத்துப் போட்டுப் பவர் பத்திரம் அனுப்புகிறேன். எப்போது வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

போன் வந்துவிட்டதல்லவா, இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். இவர் பில்லைப் பார்த்து முணுமுணுப்பார், பரவாயில்லை. அப்பா அம்மாவும் இல்லை, அவளும் இல்லை. அவளைப் பற்றி இரண்டு வார்த்தை பேச இந்த உலகத்தில் எனக்கு உங்களை விட்டால் யாரும் கிடையாது. வீடு விற்றதும் நம் உறவு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். விற்று முடித்த கையோடு இங்கே வந்து ஒரு மாதம் இருங்கள். நான் சமைத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
ஸஹானா

*

மயிலாப்பூர்,
3-4-97, வியாழன்

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு நீங்கள் கூப்பிட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம். போனில் அதைச் சொல்ல வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஃபைலை எடுத்தேன். என் ஆபீஸ் பையில்தான் இருந்தது. இதுவரை பிரித்ததில்லை. கடைசியில் ஒரு சின்னச் சீட்டு. டாக்டர் கையெழுத்து, அதற்கு மேல் உயிர் பிரிந்த நேரம். மாலை 4.55.

நர்ஸிங் ஹோமிலிருந்து முதலில் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. பிறகு ரத்னா மாமி வீட்டுக்கு. மாமி என் ஆபீஸ் நம்பரைத் தேடி எடுத்து, போர்டில் லைன் கிடைத்து, என்னை வராந்தாவுக்குக் கூப்பிடும்போது 5.40.

ரத்னா மாமி வீட்டில் போன வருஷப் பஞ்சாங்கம் இருந்தது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு மாலை 5.14 வரைக்கும் திருவோணம். "திருவோணத்துக்கு அடைப்பே கிடையாதேடா சங்கர்!" என்றாள்.

வீட்டைப் பூட்டியிருக்கவே வேண்டாம், அக்கா. செப்டம்பரில் நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபோது கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். உங்களைத் தடுத்தது சாஸ்திரம் இல்லை. நான் தவறாகச் சொன்ன ஒரு நேரம்.

எங்கள் லேபில் ஒன்று சொல்லித் தருவோம். கருவியில் ஒன்று நடந்த நேரம் வேறு, நீ அதைப் பார்த்த நேரம் வேறு, நோட்டில் எழுதும்போது இரண்டையும் குழப்பாதே என்று. புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காக எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். வாத்தியார் என்னிடம் "எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அவள் 5.40 வரைக்கும் உயிரோடுதான் இருந்தாள். டைபாய்டு தேறிக்கொண்டு வருகிறது, நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அவளே, "இங்க ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்துண்டு இருக்காதீங்கோ, ஆபீஸ் போங்கோ" என்று துரத்தினாள். 4.55-க்கு நான் ஒரு பிரஷர் கேஜைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போகிற வழியில் அவளுக்குச் சாத்துக்குடி வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முக்கால் மணி நேரமும் நன்றாக இருந்தது.

அக்பர் பாஷாவுக்கும் தெரிந்துவிட்டது. ஜெராக்ஸ் வாங்க வந்தவர், மாமியும் நானும் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அப்ப ஆறு மாசம் சும்மாவா பூட்டிக்கினு இருந்தே? சரி வுடு சார், நல்ல சேதிதான். அந்தச் சீட்ட என்கிட்ட குடு" என்றார். நேற்றுக் காலை பஞ்சாட்சரத்தையும் அந்த அம்மாவையும் மறுபடி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சரோஜாதேவி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "நல்ல நேரத்துலதான் போயிருக்காங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மாடி, கொல்லை எல்லாம் பார்த்தார்கள். நாம் நினைத்த விலையே கொடுக்கிறார்கள், சித்திரை பிறந்ததும் அக்ரிமென்ட் போடலாம் என்கிறார்கள்.

உங்களுக்கு எழுதாமலே இருந்திருக்கலாம். "ஊர்ல இல்லாதவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு சார் எழுதறே? காரியம் நடக்குதா, கையெழுத்த வாங்கு, அவ்ளோதான்" என்று அக்பர் பாஷாவும் சொன்னார். இரண்டு நாள் அப்படித்தான் இருக்கப் பார்த்தேன். ஆனால் உங்கள் பவரைக் கேட்டு எழுத உட்கார்ந்தால், கோபமில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் முன்னால் வருகிறது. அது எனக்கு எழுதினது இல்லை. சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்ட யாரோ ஒருவனுக்கு எழுதினது.

பஞ்சாட்சரத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாடி அறைக்கு மட்டும் வெள்ளை அடிக்கவில்லை. தச்சரை வைத்து அந்தக் கிழக்கு ஜன்னலை இழைத்துத் திறந்துவிட்டேன். நீங்கள் வந்து அங்கே எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் படுத்திருந்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். நான் இருப்பது சங்கடமாக இருந்தால் அந்த நாட்களில் மேன்ஷனுக்குப் போய்விடுகிறேன். வர மனமில்லை, என்னோடு பேசவும் மனமில்லை என்றால், பவரை மட்டும் அனுப்பிவிடுங்கள். கூடக் கடிதம் வேண்டாம். புரிந்துகொள்வேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எட்டு நாளாகும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நீங்கள் வழக்கம்போலக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் "சாப்பிட்டேளா சங்கர்?" என்று கேட்பீர்கள். இதைப் படிக்காமல் கேட்பீர்கள். அதற்கு ஆச்சு அக்கா என்று என்னால் சொல்ல முடியாது.

போன் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன்.

சங்கரன்