பூசணிக்காய் உடைத்தவர்

8 ஏப்ரல் 2025
மெக்கானிக்கல் முடித்து, சட்டமும் படித்து, இப்போது என் உற்பத்தி மறுப்புரை. வேலையில் அடிபட்டவர் இழப்பீடு கேட்டால், முதலாளி சார்பில் 'கிடையாது' என்று எழுத வேண்டும். சீனியர் வெள்ளியங்கிரியின் தொழில்நுட்பம்: "மொத வரியில 'இவர் எங்க ஆளே இல்ல'ன்னு போட்ருப்பா. மிச்சத்த அப்பறம் யோசிக்கலாம்."

இன்று போர்வெல் முதலாளி பாலசுந்தரம். போன கார்த்திகையில் அவருடைய ரிக் லாரியில் ராடு மாட்டும்போது எருமப்பட்டி மாதையனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. "அவன் வேடிக்கை பாக்க வந்தவனுங்க." எழுதிக் கொடுத்துவிட்டேன். வேடிக்கை பார்ப்பவன் நிற்பது இருபதடி தள்ளி. கை அவ்வளவு நீளமா?

10 ஜூலை
தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரி முன் குறுக்கு விசாரணை. கேள்வி என்னுடையது.
"இவங்ககிட்ட வேலை பாத்ததுக்கு ஆதாரம் இருக்கா?"
மாதையன் கையைத் தூக்கிக் காட்டினார். "இருந்துச்சுங்க சாமி. ராடுக்கு அடியில போயிருச்சு."
அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. நானும்தான்.

11 ஜூலை
ஆபீசில் நேற்றைய தாளைக் கிழித்தேன். பாலசுந்தரம் புத்தாண்டுக்குக் கொடுத்த தினசரிக் காலண்டர். ஆறு மாதமாகக் கிழிக்கிறேன், மேலே இருக்கும் படத்தை இன்றுதான் பார்த்தேன். அவருடைய ஆயுத பூஜை. மாலை போட்ட ரிக். அதன் முன்னால் கம்பெனி பேர் போட்ட சட்டையில் பூசணிக்காயை ஓங்கியிருப்பவர் — மாதையன். பத்து விரலும் இருக்கின்றன.

இந்தக் காலண்டரை பாலசுந்தரம் எத்தனை அச்சடித்தார்? அறுநூறு!

14 ஜூலை
பாலசுந்தரத்திடம் படத்தைக் காட்டிச் சொன்னேன். "உங்க ஆளுன்னு ஒத்துக்கங்க. அதான் மரியாதை."
"கழட்டிப் போடுங்க வக்கீலே."
"அறுநூறையுமா?"
"நீங்க எந்தப் பக்கமுங்க?"
சீனியர் பக்கத்திலேயே இருந்தார். "படம் பாக்கறதுக்கா உன்னைய சேத்துனேன்?"

21 ஜூலை
பாலசுந்தரத்தின் மேனேஜர் ஊர் ஊராகக் காலண்டர் பொறுக்குகிறாராம். செவ்வாய்ப்பேட்டை மளிகைக்கடை அன்வர் பாட்சா விரட்டிவிட்டார். "குடுத்தத திருப்பிக் கேக்கறீங்களே, வெக்கமா இல்ல? வேணும்னா கிழிச்ச தாளையெல்லாம் அள்ளிட்டுப் போங்க."

5 ஆகஸ்ட்
இறுதி வாதம். சீனியர் எழுதிக் கொடுத்த வரி: 'இவர் எங்கள் தொழிலாளி என்பதற்கு ஒரு துண்டுச் சான்றுகூட இல்லை.' எழுந்து நின்றேன். அந்த வரியை மடித்து வைத்தேன். வாய்தா கேட்டேன்.

அதிகாரி அம்மா தேதி பார்க்கச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கேயும் அதே காலண்டர். அரசு அலுவலகச் சுவரில் கைவைக்க மேனேஜருக்குத் துணிவு வரவில்லை போல. தாளைத் தள்ளிய கை நின்றது. மாதையனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வக்கீல் சார், பூசணிக்கா ஒடைக்கறது யாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே சம்பளம்?

"மாதையனுங்க மேடம்."

6 ஆகஸ்ட்
மேசை காலி செய்தாயிற்று.

7 ஜனவரி 2026
ஐப்பசியில் மாதையனுக்குத் தீர்ப்பானது, கேட்டபடி முழுசாக. எனக்கு இப்போது அன்வர் பாட்சா கடை மாடியில் ஓர் அறை. வருகிறவர்கள் எல்லாம் கையோ காலோ போனவர்கள்.

கீழே கடையில் பாலசுந்தரத்தின் புதுக் காலண்டர். அதே மாலை, அதே ரிக். ஒரு ஆள் இல்லை. பூசணிக்காய் தானாகவே உடைந்து கிடக்கிறது.