நடுப்பலகையில் கட்டிய கயிறு

அன்புத் தங்கைக்கு,

தோணி கிடைத்துவிட்டது. தீயணைப்பு நிலைய அதிகாரி இன்று மாலை நேரில் சொன்னார். பிறகு நானும் கரையில் பார்த்தேன். மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை.

போனில் நீ அழுததில் என்னால் எதையும் கோவையாகச் சொல்ல முடியவில்லை. தெரிந்ததை மட்டும் எழுது, ஊகம் வேண்டாம் என்றாய். அப்படியே எழுதி உன் போனுக்கு அனுப்புகிறேன்.

ஞாயிறு காலை நம் சின்னவனும் மாப்பிள்ளையும் மீன் பிடிக்கக் கிளம்பினார்கள். வழக்கமாகப் போகும் ஏரி முழுக்கப் பாசி என்று தோணியை ஆற்றுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "மச்சான், நீ மூச்சு விட்டாலே தோணி சாயுது, அசையாம வா" என்று மாப்பிள்ளை சொல்ல, "அத்தான், நீங்க வாய மூடினா பாதி பாரம் குறைஞ்சிடும்" என்று இவன் திருப்பிக் கொடுத்தானாம். படகுத்துறைக் காவலாளியின் காதில் விழுந்திருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நங்கூரக் கல்லின் கயிற்றைக் கட்டியது சின்னவன்தான். வருகிறவர்கள் எல்லாரிடமும் அவனே சொல்கிறான். தோணியின் நடுப்பலகையில் கட்டியிருக்கிறான், அறுந்த மிச்சம் இன்னும் அதில் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் முனையில்தான் கட்ட வேண்டுமாம். நடுவில் கட்டினால் தோணி குறுக்கே திரும்பி ஒரு பக்கம் அமுங்கும் என்றார் அதிகாரி. அமுங்கியதும் இருவரும் கயிற்றை அவிழ்க்க ஒரே பக்கம் குனிந்திருக்கிறார்கள். கவிழ்ந்துவிட்டது.

இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தால் இருவருக்கும் கயிறு எட்டும் என்று, நடுவில் கட்டப் பழக்கியது மாப்பிள்ளைதான். அசையாத ஏரியில் அதனால் ஒன்றும் ஆனதில்லை.

சின்னவனுக்கு நீச்சல் அரைகுறை. மிதந்த பிளாஸ்டிக் கேனை மாப்பிள்ளை அவன் பக்கம் தள்ளி, "பிடிச்சுக்கோடா, விட்டே கொன்னுடுவேன்" என்று கத்தியிருக்கிறார். இவன் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

குழந்தை உன் அண்ணியிடம் இருக்கிறாள். அப்பா இன்னும் மீன் பிடிக்கிறார் என்றே சொல்லியிருக்கிறோம். ஊருக்கு வர உனக்கு டிக்கெட் கிடைத்ததா?

சின்னவன் கரையை விட்டு நகர மாட்டேன் என்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "அக்கா என்ன சொன்னா?" என்கிறான். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்கிறேன்.

அதிகாரி மாப்பிள்ளையின் சட்டை நிறம் கேட்டார், சொன்னேன். உடம்பில் தழும்பு ஏதாவது உண்டா என்றும் கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

நாளை காலை அணையின் மதகை மூடுகிறார்கள். தோணி கவிழ்ந்த பாலத்தடியில் தண்ணீர் குறைய மதியம் ஆகும் என்கிறார் பொறியாளர். அதன் பிறகு முக்குளிப்பவர்கள் இறங்குவார்கள். அதற்கு முன் ஒரு தடவை கூப்பிடம்மா. போனைச் சின்னவன் கையில் கொடுக்கிறேன். திட்டினாலும் சரி, அவனிடம் பேசு.

உன் அண்ணன்