இரண்டு விரலுக்கு நின்ற வண்டி

ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை. கை இன்னும் அந்த பிரேக் லீவரிலேயே இருப்பதுபோல் இருக்கிறது.

போன மாதம் பொங்கலூர் வளைவில் லாரிக்கு அடியில் போகப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான், நேற்று, அப்பா காலத்துப் புல்லட்டுக்கு டிஸ்க் பிரேக் மாட்டினேன்.

இன்று மனைவி சரசு பின்னால், தைப்பதற்கான வெட்டுத்துணி மூட்டை டேங்க் மேல். அதே வளைவு கண்ணில் பட்டதுமே பழைய பழக்கத்தில் நாலு விரலாலும் இறுக்கிவிட்டேன். பழைய பிரேக்கில் அவ்வளவு முன்னாலேயே பிடித்தால்தான் வண்டி வளைவுக்குள் அடங்கும். இன்றைக்கு ஆளில்லாத நடுரோட்டில் ஆணி அடித்ததுபோல் நின்றது. மூட்டை ஹேண்டில்பார் மேல் சரிந்தது.

"ஏனுங்க, இங்க எதுக்கு நிறுத்தீட்டீங்க?"

வளைவு இன்னும் எங்கோ தூரத்தில் இருந்தது. இவ்வளவு ரோடு மிச்சமா! பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு வழி முழுக்க இரண்டு விரல்தான். சொன்ன இடத்தில் நின்றது.

வீடு வந்து இறங்கும்போது சரசு காலைத் தேய்த்துவிட்டபடி சொன்னாள்: "இத்தன வருசமா நீங்க பிரேக் புடிக்கறப்பெல்லாம் நானும் பின்னால ஃபுட்ரெஸ்ட்ட மிதிச்சுட்டுத்தானுங்க வந்தேன். இன்னிக்குத்தான் காலுக்கு வேலையில்லீங்க."

வண்டியை நான் ஒருவனே நிறுத்திக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.