மேற்கு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் யூனிஃபார்ம் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டே முடிவு செய்தேன். இந்தக் கோடையில் கரண்ட் பில்லிடம் தோற்கப் போவதில்லை. போன வருடம் பில் வந்த பிறகுதான் ஏசியை நிறுத்தினோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இந்த முறை வெயில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். கீசர் கிடையாது. இஸ்திரி வாரத்தில் ஒரு நாள். டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணைக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

நான் அணைத்துக்கொண்டே போகிறேன், இவர் பின்னாலேயே போட்டுக்கொண்டு வருகிறார். காலை டிரிப் முடிந்து ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிட வருகிற மனிதருக்கு லைட் எதற்கு? வாய்க்கு வழி தெரியாதா? கேட்டே விட்டேன்.

“இருட்டா இருக்கே” என்றார். உச்சி வெயில் நேரம்!

மகளிடம் போனில் புலம்பினேன். “விடும்மா, ஒரு லைட்ல என்ன பெரிசா போயிடப் போகுது?” என்கிறாள். ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன தெரியும்?

மார்ச் 14, சனி

கடையில் மிச்சமாகிக் கிடந்த கறுப்பு லைனிங் துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். கறுப்பு சூட்டை இழுக்கும் என்பதால் வெளிப்பக்கம் வெள்ளைத் துணி வைத்துத் தைத்து, கூடத்தின் மேற்கு ஜன்னலில் மாட்டியாயிற்று. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன இது, குகை மாதிரி இருக்கு” என்றாள். வயிற்றெரிச்சல்.

இவர் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஊரே வெயில் எப்ப போகும்னு இருக்கு. நான் எப்ப வரும்னு இருக்கேன். நீ மூடி வைக்கிற” என்றார். கழன்றுவிட்டதா இவருக்கு?

மார்ச் 15, ஞாயிறு

கூடத்து டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, குறைந்த வாட் பல்பு ஒன்றை மாட்டினேன். இவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

தையல் மெஷின் ஸ்டூலில் இடித்துக் குப்புற விழுந்தார். முழங்காலில் தோல் வழன்றுவிட்டது. மகள் பிறந்ததிலிருந்து அதே இடத்தில் கிடக்கிற ஸ்டூல். மருந்து போட்டுக்கொண்டே, “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று கத்தினேன்.

வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். இன்று கொடுக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 28, சனி

காய்கறிக் கடையில், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க இவரோடு போகும் பெண்ணைப் பார்த்தேன்.

“அக்கா, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

“ஏன்?”

“இடது பக்கம் ஏதாவது வருதான்னு என்னையப் பார்த்துப் பார்த்துச் சொல்லச் சொல்றாரு. போன வாரம் ஸ்கூல் கேட்ல உரசிட்டோம். முதலாளிகிட்ட சொல்லாதேன்னுட்டாரு.”

என்ன வாங்கினேன் என்று வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. டீ எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் இவருடைய இடது பக்கமாகப் போய் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். இவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் அந்த லைட்டெல்லாம் — ஐயோ. நான் டியூப் லைட்டைக் கழற்றினேனே.

மார்ச் 29, ஞாயிறு

கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: ஏழெட்டு மாதமாக இப்படித்தானாம். சர்க்கரையாக இருக்கும் என்று அவரே நினைத்துக்கொண்டாராம். டாக்டரிடம் போனால் லைசன்ஸ் போய்விடும் என்று போகவில்லையாம்.

“வெயில்ல நல்லாத்தான் தெரியுது. இப்ப வெயில் ஏறிடுச்சு, இனி பயம் இல்லை. ஸ்கூல் லீவு விடுற வரைக்கும் விடு. அப்புறம் நானே சாவியைக் குடுத்துடறேன்.”

“வேன்ல இருக்கறது யாரு வீட்டுப் பிள்ளைங்க?”

“எனக்குத் தெரியாதா? ஒவ்வொண்ணோட குரலும் எனக்குத் தெரியும்.”

“குரல் ரோட்டைக் காட்டுமா?” என்றேன்.

அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. இவர் வண்டி ஓட்டாவிட்டால் வீட்டில் என்ன ஆவார் என்றும் தெரியவில்லை. ஒரு மாதம்தானே என்று என் வாய் வரை வந்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

மார்ச் 30, திங்கள்

விடிந்ததும் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4, சனி

கண் ஆஸ்பத்திரி. மகள் வந்திருந்தாள், அவள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். என்னோடு இவர் இன்னும் பேசுவதில்லை.

சர்க்கரைதான். இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணில் ரத்தம் கசிகிறது. ஊசி போட்டிருக்கிறார்கள். “இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம், போனது வராது. மறுபடி கசிஞ்சா உடனே வந்துடணும்” என்றார் டாக்டர். “முன்னாடியே வந்திருக்கலாமே” என்றும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். லைட்டைப் போடுகிற மனிதரிடம் ஏன் போடுகிறாய் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஒழுங்காகக் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கறுப்புத் துணியைக் கழற்றி எறிந்தேன். டியூப் லைட்டை மாட்டினேன். எல்லா லைட்டும் எரிகிறது. எரியட்டும். வீடு அடுப்பு மாதிரி கொதிக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

“டீயில சர்க்கரை போடலியா?” என்றார். போடக்கூடாது என்று அவருக்கும் தெரியும். பேசினாரே, அது போதும்.

மே 7, வியாழன்

இன்றோடு ஸ்கூல் லீவு விட்டுவிட்டார்கள். கடைசி டிரிப் வேன் நம் தெரு வழியாகத்தான் போனது. ஹாரன் சத்தம் கேட்டதும் இவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

ஜூன் 9, செவ்வாய்

பில் வந்தது. போன கோடையைவிடக் குறைவு. ஏசி சத்தத்தில் தெருச் சத்தம் கேட்பதில்லை என்று இவர் அதைப் போட விடுவதில்லை. டிவியும் வேண்டாம் என்கிறார். மாடி வீட்டு அக்கா, “எப்படிடி குறைச்சே? எனக்கும் சொல்லிக் குடு” என்று கேட்டாள். அவள் முகத்தில் கதவைச் சாத்தலாம் போல இருந்தது.

சாயங்காலம் இவர் வழக்கம் போல மேற்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். வெயில் கூடம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. திடீரென்று, “ஏன் இப்படி இருட்டிடுச்சு? அந்தக் கறுப்புத் துணியைத் திரும்ப மாட்டிட்டியா?” என்றார்.

“ஆமாங்க. வெயில் தாங்கலை. மாட்டிட்டேன்.”

கையை நீட்டி ஜன்னலைத் தடவினார். வெறும் கம்பிதான் கையில் பட்டது. சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“நல்லது” என்றார். “பில் ஏறாது.”

இவருடைய செருப்பைத் தேடி இவர் காலில் மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோவைக் கூப்பிட ஓடினேன்.