என் தட்டு முதலில்

என் அன்பு அம்மாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஒன்பது மணிக்கு மேல் போன் அடித்தாலே "யாருக்கு என்னாச்சு?" என்று பதறுகிறவள் நீ. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாழினி தூங்குகிறாள். உன் மாப்பிள்ளைக்கு இந்த வாரம் செம்பரம்பாக்கம் குடோனில் இரவு ஷிஃப்ட். பகலில் உன்னோடு பேச எனக்கு எங்கே நேரம்?

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. யாழினி வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை, பிரசவத்தோடு போய்விடும் என்றார்களே, நீயும் அதை நம்பிக்கொண்டுதானே ஊருக்குத் திரும்பிப் போனாய். அது போகவில்லை. உன்னுடையதுபோல் மாத்திரைக்கு அடங்குகிற வகையும் இல்லையாம். இரவில் ஓர் ஊசி, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் ஒவ்வோர் ஊசி. பயப்படாதே, பேனா மாதிரிதான் இருக்கும், வலிப்பதுகூட இல்லை.

சாப்பாட்டு ஊசி மட்டும் அவசரக்காரி. போட்ட கால் மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. "தட்டு முன்னால வந்தப்புறம் போடுங்க. போட்டா உடனே சாப்பிடுங்க" என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். எம்.எஸ்சி. படித்தவள் இல்லையா, தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சித்திரையில் ஒரு மதியம். சோறும் ரசமும் தட்டில் போட்டு வைத்துவிட்டுத்தான் ஊசி போட்டேன். அந்த நேரம் பார்த்து யாழினி எழுந்து அழுதாள். பிள்ளையைப் பசியோடு வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது? நாலு வாய் ஊட்டிவிட்டு உட்காரலாம் என்று கிண்ணத்தை எடுத்தேன். அவள் நாலு வாய் வாங்குவதற்குத் தண்ணீர் லாரியைக் காட்ட வேண்டும், பக்கத்து மனையில் மேய்கிற எருமையைக் காட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் போயிருக்கும். வியர்த்தது, வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கியது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடுப்படிச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். என் தட்டு மேடைமேல்தான் இருந்தது, அம்மா. எழுந்து எடுக்க முடியவில்லை.

கீழ் வீட்டு லோகநாயகி அக்கா, இந்தப் பாரிவாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு மேலே வந்தார். நல்லவேளை, கதவைத் தாழ் போட்டிருக்கவில்லை.

"இன்னா கண்ணு, இப்டி குந்திக்கினு கீறே? மூஞ்சியெல்லாம் தண்ணியா ஊத்துது!"

"சக்கரை" என்று மட்டும் சொல்ல வந்தது. விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை எண் ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஆறிய சோற்றைச் சாப்பிட்டேன்.

"சோத்த எதுருல வச்சிக்கினு சாப்டாம இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?"

"பாப்பாவுக்கு ஊட்டினேன்க்கா."

"அடிப் போடி! அது ஒரு வேள துன்னலன்னா ராத்திரிக்கு சேத்து துன்னும். நீ உழுந்துட்டா அத்த யாரு தூக்குவா?"

உன் மாப்பிள்ளை இதைத் தன் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டார். மறுநாளே சேலத்திலிருந்து தீர்ப்பு வந்தது: உடம்பு தேறுகிற வரைக்கும் குழந்தை பாட்டியிடம் இருக்கட்டும். இது தேறுகிற உடம்பா, அம்மா? வாழ்நாள் முழுக்க ஊசிதான். அப்படியென்றால் என் பிள்ளை எப்போது திரும்பி வருவாள்?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை, யாழினியின் துணிமணிக்கென்று காலிப் பை ஒன்றோடு வந்து இறங்கினார். மதியம் நான் தட்டைப் போட்டுக்கொண்டு, ஊசி போட்டு, சாப்பிட ஆரம்பித்தேன். யாழினி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா, ஆ" என்று வாயைத் திறந்தாள்.

"அம்மா சாப்பிட்டதும் உனக்குத்தான்டா."

"நல்லா இருக்குடி கூத்து" என்றார் அத்தை. "கொழந்தை வாயப் பாத்துக்கிட்டு நிக்குது, இவ பாட்டுக்கு உருட்டி உருட்டி முழுங்கறா. நாங்களும்தான் புள்ள வளத்தோம்."

அப்பாவோடு சண்டை என்றால் நீ என்ன செய்வாய்? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாய். சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய், வீடே உன் பின்னால் வரும். என் கையும் தட்டைத் தள்ளத்தான் போனது. ஆனால் ஊசி உள்ளே போயாகிவிட்டது. ரோஷப்பட்டுப் பட்டினி கிடக்கக்கூட எனக்கு வழியில்லை. கண்ணீர் சாம்பாரில் விழ விழ, கணக்குப் பண்ணி வைத்திருந்த சோறு முழுவதையும் தின்று முடித்தேன். யாழினி ஓவென்று அழுதாள். அவளை யாரும் தூக்கவில்லை. உன் மாப்பிள்ளையும்தான்.

பத்தே நிமிடம். கை கழுவிவிட்டு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்து ஊட்டினேன். கை நடுங்கவில்லை. அத்தை கடைசிவரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கிளம்பும்போது பை காலியாகவே இருந்தது. "ஆடி கழிச்சு வர்றேன். அப்பப் பாக்கலாம்" என்றார். உன் மாப்பிள்ளை அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து டிவியைப் போட்டார். நான் யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது? இல்லை, சந்தோஷம்தானா அது?

இப்போது லோகநாயகி அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது. நான் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊசி போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போடுவதில்லை, எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்கிறேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு மதியமும் முதல் வாய் எடுக்கும்போது, திருடித் தின்பதுபோல் இருக்கிறது.

உனக்குச் சத்தியம் செய்கிறேன். நாளைக்கு இட்லி என் தட்டில் விழுந்த பிறகுதான் ஊசி. ஊசி போட்டதும் முதல் வாய் எனக்கு, அவள் எவ்வளவு அழுதாலும்.

அது தப்பில்லை என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீக்கிரம் பதில் போடு, அம்மா.

உன் ஒரே மகள்,
யாழினிக்கு அம்மா,
சுதா