ஏப்ரல் வானத்தில் கிழக்கு எந்தப் பக்கம்?

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு நேராகச் சண்டைக்கு வருகிறேன். உன் பத்திரிகையின் மார்ச் இதழிலும் என் நட்சத்திர வான்படத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டது யார்? நீதானே?

வான்படம் மேஜையில் விரித்துப் பார்ப்பதற்கு இல்லை. வடக்கு வடக்கே இருக்கும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார். இடப்பக்கம் எழுதிய கிழக்கு சரியாகக் கிழக்கில் போய் நிற்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

ஏப்ரல் பக்கம் இத்துடன் இருக்கிறது. இருட்டியபின் எட்டு மணிக்கு வெளியே வந்தால் மேற்கே வேட்டைக்காரன் இறங்கிக்கொண்டிருப்பான். உச்சியில் சிம்மம். வடக்கே கரண்டி போல ஏழு நட்சத்திரம். அந்தக் கரண்டிக் காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் கிழக்கே செம்மஞ்சளாகச் சுவாதி, இன்னும் கொஞ்சம் நீட்டினால் வெள்ளையாகச் சித்திரை. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும், நீ கை வைக்காமல் இருந்தால்.

இன்னொரு விஷயம். கோளரங்கத்தில் விளக்கம் சொல்ல ஓர் ஆள் எடுக்கிறார்கள். ஏப்ரல் 12 நேர்காணல். அச்சில் வந்த எழுத்து ஒன்று கொண்டுவர வேண்டுமாம். இந்த ஏப்ரல் பக்கத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். கண்ணாடிக் கடையில் ஒன்பது வருடமாக ஒவ்வொரு வில்லையாக மாற்றி, “இப்ப தெரியுதா? இப்ப?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுவரில் மாட்டிய அதே எழுத்துகள். ஒரு தடவையாவது பார்க்க வேண்டியதைக் காட்டிக் கேட்க ஆசையாக இருக்கிறது. படத்தைத் தொடாதே அண்ணா.

உன் தங்கை

---

மார்ச் 9

என் அன்பு வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. காது இன்னும் வலிக்கிறது. உன் அண்ணி படித்துவிட்டு, “உங்களுக்கு நல்லா வேணும்” என்றாள். இரண்டு பேரும் ஒரே கட்சி என்பது எனக்குத் தெரிந்ததுதானே.

கோளரங்கம் நல்ல சேதி. உன்னை எடுக்காவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம். பேச்சில் உன்னை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று கேள். ஆறாம் வகுப்பிலிருந்து நான் பார்த்த எல்லாப் படத்திலும் கிழக்கு வலப்பக்கம்தான். பத்தொன்பது வருடமாக இந்தப் பத்திரிகையை நடத்துகிறேன், ஒரு திருத்தம் போட்டதில்லை. இடப்பக்கம் கிழக்கு என்று அச்சடித்தால் வாசகன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். நீ கவலைப்படாமல் நேர்காணலுக்குத் தயாராகு. மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்மேல் பிரியமுள்ள
அண்ணன்

---

மார்ச் 28

அண்ணா,

பார்த்துக்கொண்டாய். நன்றாகவே பார்த்துக்கொண்டாய். ஏப்ரல் இதழ் போன வாரமே வந்தது. பிரித்ததும் கிழக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். படத்தை நம்பி, சுவாதியைத் தேடி மூன்று நாள் மேற்கே பார்த்து நின்றாராம். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சமாம். “தெரியாத விஷயத்தை ஏம்மா எழுதறீங்க?” என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

நான் சொன்னால் நீ கேட்பதே இல்லை. சின்ன வயதிலிருந்து இப்படித்தான். தலையைத் தலையை ஆட்டிவிட்டு நீ நினைத்ததைத்தான் செய்வாய். உன் அலுவலகத்துக்கு மேலேயே மொட்டைமாடி இருக்கிறது. பன்னிரண்டு படி. இரண்டு வருடமாக இந்தப் பக்கத்தை அச்சடிக்கிறாய், ஒரு நாளாவது ஏறி நிமிர்ந்து பார்த்திருப்பாயா?

இப்போது கேட்பது ஒன்றுதான். பன்னிரண்டாம் தேதிக்குள் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து இதழில் செருகு. படத்தை மாற்றியது ஆசிரியர் என்று அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது.

தங்கை

---

ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் தணிந்ததா? நீ கேட்டபடியே செய்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் திருத்தம், உனக்காக. மிச்சமிருந்த பிரதிகளில் எல்லாம் நானும் உன் அண்ணியும் உட்கார்ந்து சீட்டைச் செருகினோம். வாசகம் இது:

“ஏப்ரல் வான்படத்தில் எழுதியவரின் கவனக்குறைவால் கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிட்டன. வாசகர்கள் பொறுத்தருள்க. – ஆசிரியர்.”

படித்ததும் குதிக்காதே. ஆசிரியரே தப்புச் செய்தார் என்று போட்டால் பத்திரிகையை யார் நம்புவார்கள்? எழுதுகிறவர் தவறுவது எங்கும் நடப்பதுதான். நமக்குள் என்ன இருக்கிறது, நீ வேறு நான் வேறா? உன் அண்ணிதான் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோளரங்கத்துக்கும் சீட்டோடு ஒரு பிரதியை நானே அனுப்பிவிட்டேன். தவறைத் தயங்காமல் திருத்திக்கொள்கிற பெண் என்று உன்மேல் மதிப்பு வரும் பார்.

வெற்றியோடு திரும்பி வா.

அண்ணன்

---

ஏப்ரல் 21

அண்ணா,

அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நேற்று தகவல் வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தை இருட்டாக்கி, கூரையில் ஏப்ரல் வானத்தை விரித்து, பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசினேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சுவாதியைக் காட்டியபோது பின்வரிசையில் யாரோ “அட” என்றார்கள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

விளக்கைப் போட்டதும் இயக்குநர் உன் இதழை எடுத்தார். சீட்டு அதிலேயே இருந்தது. “இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, கிழக்கு மேற்கை எப்படிம்மா மாத்திப் போட்டீங்க? தினமும் முந்நூறு பிள்ளைங்க வர்ற இடம் இது” என்றார். கடுமையாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பையில் என் கையால் வரைந்த மூலப்படம் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்திருந்தால் போதும். ஆனால் வைத்த மறுநொடி, அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்ட ஆசிரியர் பொய்யர் என்று ஆகிவிடும். அதை நினைத்துக்கொண்டு, “என் தப்புதான் சார்” என்றேன். பேருந்தில் வரும்போதுதான் அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகம்.

நாலு பேர் முன்னால் என் அண்ணனை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீ என்னை அச்சடித்தே விட்டுக்கொடுத்துவிட்டாய். அதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன், ஆறவில்லை.

மே மாதப் பக்கம் வராது. அதற்குப் பின்னும் வராது. அந்த இடத்தில் விளம்பரம் போட்டுக்கொள்.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. அண்ணியையும் அழைத்துக்கொண்டு வா. சாப்பிட்டுவிட்டுப் போ. பத்திரிகையை மட்டும் கொண்டுவராதே.

தங்கை